துரை குதிரையில் ஒரு சனிக்கிழமை

எங்கள் தோட்டத்துப் பெரிய துரை ஜீப் வாங்கியதும் அவருடைய குதிரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா நிறுத்தித் தீனி போடுவானேன் என்று புதிதாக வந்திருந்த சின்னத் துரைக்கு ஒரு யோசனை. தோட்டத்து இளவட்டங்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். குதிரையைப் பராமரிக்கவும் ஏறி ஓட்டவும் சொல்லித்தரப் போவதாக அறிவித்தார். ஸ்டோரில் தேயிலை சலித்துக்கொண்டிருந்த நான் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் குதிரை ஓட்டும் ஆசை எனக்கு இருந்ததே இல்லை. ஆனால் அன்று மாலையே நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேரிடம் பிறவிக் குதிரைக்காரன் மாதிரி பேசிவிட்டேன்.

கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மாவிடமும் அளந்தேன். "ஒன்னயக் குதிரை மேல கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதப் போனாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. நான் குதிரை ஏற வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும்.

சின்னத் துரையோ எங்களை ஏற்றுகிற வழியாகத் தெரியவில்லை. முதலில் லத்தி அள்ளச் சொன்னார். பிறகு உடம்பைத் தேய்த்துவிடச் சொன்னார். அப்புறம் ஆளுக்கொரு வேலை பிரித்ததில் எனக்கு விழுந்தது குளம்பு. குதிரையின் காலைத் தூக்கி என் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உள்ளே அடைந்திருக்கும் சேற்றையும் கல்லையும் இரும்புக் கொக்கியால் நோண்டி எடுத்து, கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். என் சொந்தக் காலில் சேற்றுப்புண் அரித்துக்கொண்டிருந்தது. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றாள் அம்மா. கழுதை இல்லை, குதிரை என்று திருத்தினேன்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் முறை வந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் சின்னத் துரை தன் மழைக்கோட்டைக் கொடுத்தார். தொப்பியை நானாகக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். பங்களா முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பயந்தாலும் கத்தக்கூடாது, கத்தினால் குதிரை மிரளும் என்றார். இதெல்லாம் எனக்கா என்பதுபோல் தலையாட்டினேன்.

குதிரை அரைச் சுற்றுச் சுற்றியது. பிறகு திறந்திருந்த கேட்டைப் பார்த்தது. வருஷக்கணக்காகத் துரையைச் சுமந்துகொண்டு தேயிலை மலை பார்க்கப் போன மிருகம் அது. மேலே இருப்பது யார் என்பது அதற்குப் பொருட்டில்லை. தன்பாட்டில் ரோட்டில் இறங்கி நடந்தது. கடிவாளத்தை இழு என்று பின்னாலிருந்து சொன்னார்கள். இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்திருந்தேன், கடிவாளத்துக்குக் கை மிச்சமில்லை. துரத்தினால் ஓடிவிடும் என்று அவர்கள் வெகுதூரம் பின்தங்கியே வந்தார்கள்.

வளைவு திரும்பியதும், கொழுந்து நிறுக்கப் பெண்கள் கூடையோடு ரோட்டில் வரிசையாக நின்றார்கள். அதில் அம்மாவும் இருந்தாள். கேட்டு வாங்கியிருந்தாலும் இப்படி வாய்த்திருக்காது.

துரை குதிரையில் வந்தால் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கித் தலை குனிந்து நிற்பது எங்கள் வழக்கம். நானும் சின்ன வயதிலிருந்து அப்படி நின்றவன்தான். ஜீப் வந்த பிறகும் குளம்புச் சத்தம் என்றால் எல்லார் காதுக்கும் துரைதான். அத்தனை பேரும் கூடையோடு கானில் இறங்கினார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

குதிரை பழைய பழக்கத்தில் அவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டது. கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்த அம்மா எனக்கு நேர் கீழே நின்றாள். கூப்பிட்டால் குதிரை மிரளும் என்று வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பயத்தில் குரல் வந்திருக்காது. ஒரு தடவை நிமிர்ந்து பாரும்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒருவரும் நிமிரவில்லை. துரை வழக்கமாக நின்று கொழுந்து பார்க்கிற அளவு நேரம் ஆனதும் குதிரை தானே திரும்பியது. வளைவுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் சங்கத்து ஆட்கள் என்னைப் பிடித்து இறக்கினார்கள்.

சாயங்காலம் அம்மா முகம் வெளுத்து வந்தாள். "இன்னிக்குத் தொர வந்தாரு. எங்கிட்டயே ரொம்ப நேரம் நின்னாரு. கொழுந்துல முத்தல் கெடக்கோ, பாதிச் சம்பளத்த வெட்டிருவாரோன்னு நடுங்கிப் போயிட்டேன்."

பெருமைப்படுத்தப் போய் அவளை நடுங்க வைத்திருக்கிறேன். "நாந்தாம்மா அது" என்றேன்.

"போடா. தொர குதிரையில நீ எங்கிட்டு ஏறப்போற."

நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன்.

"நிமுந்து எப்புடிடா பாக்குறது? கொளம்பத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அந்த மழையிலயும் பளபளன்னு இருந்திச்சு. எவனோ நல்லாத் தொடச்சு வச்சிருக்கான்."

அது நான் துடைத்தது என்றேன். என் கையை இழுத்து மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடை அடித்திருக்க வேண்டும். இதை மட்டும் உடனே நம்பிவிட்டாள். முகம் தெளிந்து, பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "தொர குதிரைக்குக் கொளம்பு தொடைக்கிறது எம்மவந்தான்."