தேரியில் முன்னால் போனவன்

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன். கன்டெய்னர் பூட்டின் முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் "போலே, சோலியப் பாரு" என்று எழுந்து போகிற ஆள். சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நண்பனை வெயிலில் சாகவிட்டு வந்தவன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது எனக்கு.

கிளீட்டஸ் எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், திரேஸ்புரத்துக்காரன், அப்பா அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். போன வருஷம் இரண்டு பேரும் மூன்று நாள் சைக்கிள் பயணம் கிளம்பினோம். முதல் நாள் திருச்செந்தூர், இரண்டாம் நாள் தேரிக்காடு சுற்றி மணப்பாடு, மூன்றாம் நாள் திரும்புவது. கிளம்பும்போதே அவன் ஒரு சட்டம் போட்டான்.

"முன்னால போறவன பின்னால இருந்து கூப்பிடாதல. எங்க வீட்டுல கடலுக்குப் போறவங்கள யாரும் கூப்பிட மாட்டாவ. மணிகூட அடிக்காத."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அவனுக்காக ஒத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

இரண்டாம் நாள், நல்ல உச்சி வெயில். தேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செம்மண் மேடு மேடாக ஏறி இறங்கும், ரோடும் கூடவே ஏறி இறங்கும், முந்திரியும் (எங்கள் ஊரில் கொல்லாமரம்) பனையும் தவிர ஈ காக்கா கிடையாது. நான் ஒண்ணுக்கு ஒதுங்கிய நேரத்தில் "மெல்லப் போறேன், வா" என்று அவன் கிளம்பினான். தண்ணீர் கேன் எல்லாம் என் சைக்கிளில்.

திரும்பி வந்து மிதித்தால் முன்னால் மேட்டில் போகிறான். தலையில் அதே ஆரஞ்சுத் துண்டு, கேரியரில் அதே சுருட்டிய பாய். ஒரு மணி நேரம் பின்னாலேயே போனேன். நான் அழுத்தினால் அவனும் அழுத்துகிறான், நான் இறங்கித் தள்ளினால் அவனும் மெதுவாகிறான், இடைவெளி மட்டும் குறையவில்லை. தொந்தி வைத்த ஆள், சின்ன ஏற்றத்துக்கே சீட்டைவிட்டு எழுந்து மூச்சு வாங்குவான், அன்றைக்கு ஒரு மேட்டுக்கும் எழவில்லை. தண்ணி குடிக்கக்கூட நிற்க மாட்டேன் என்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். எல்லாம் அவன் போட்ட சட்டத்துக்காக!

மணப்பாட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை முனையில் திரும்பினான். நானும் திரும்பினேன். ரோட்டில் ஒருத்தரும் இல்லை.

"அண்ணாச்சி, முன்னால வந்த சைக்கிள் எங்க?"

"நீங்க மட்டுந்தான வந்திய?" என்றார் கடைக்காரர்.

அவனுக்குப் போன் போட்டேன், போகவில்லை. லோடு ஆட்டோ பிடித்து வந்த வழியே தேடினேன். நான் ஒதுங்கிய இடத்திலிருந்து இரண்டே மேடு தள்ளி, ரோட்டோரக் கொல்லாமரத்தடியில், செயின் அறுந்த சைக்கிளோடு கிடந்தான். கண் செருகியிருந்தது. வாயில் ஊற்றிய தண்ணீரில் பாதி வெளியே வந்தது.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி, "அண்ணே, தண்ணிய வச்சிக்கிட்டு அவர விட்டுட்டுப் போயிட்டியளே" என்று அழுதாள். நடந்ததைச் சொன்னேன். "என்னத் தாண்டித்தானல போன" என்று அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கேன்டீனில் என்னைக் கண்டால் எழுந்து போவான். பதினைந்து வருஷப் பழக்கம் சார்! நான் என்ன தப்பு செய்தேன், நீங்களே சொல்லுங்கள்!

போன மாதம் அவனே போன் செய்தான்.

"ஏலே ஆறுமுகம், அன்னைக்கு நான் ஒன்னக் கூப்பிட்டேன்."

"பின்னால இருந்தா? நீ போட்ட சட்டந்தானல அது?" கத்திவிட்டேன்.

"உயிர் போவுதுலே, கூப்பிட்டேன். ஆறுமுகம், ஆறுமுகம்னு கத்துனேன். நீ திரும்பல. ஒனக்கு முன்னால போனாம்லா, அவன் திரும்பிப் பாத்தான்."

யார் மாதிரி இருந்தான் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

இப்போது பேசிக்கொள்கிறோம், சேர்ந்து டீ குடிக்கிறோம். திரும்பிப் பார்த்தவன் முகம் யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். கேட்கும்போதெல்லாம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறான், அப்புறம் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான்.