கைராசி இல்லாதவன் பயறு

இப்போது பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விதைப் பொட்டலம் கொடுத்து, வீட்டில் தோட்டம் போடச் சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். எனக்குத்தான் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்க மனம் வருவதில்லை.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் அம்மாவும் எங்களைத் தோட்டம் போடச் சொன்னாள். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பால் வெட்டு நின்றுவிட்டது. சம்பளமும் இல்லை, அரிசியும் இல்லை. எந்நேரமும் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் கிடைத்தால். என் தம்பிக்குக் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "மருந்து தீந்துபோச்சும்மா. பயறு இருந்தா அவிச்சுக் குடுலா, வீக்கம் வத்தும்."

பயறுக்கு எங்கே போவது? கடைகளில் எலியே பட்டினி கிடந்தது. அம்மா தன் கல்யாணச் சேலையைக் கொடுத்து ஒரு கைப்பிடி தட்டைப்பயறு வாங்கி வந்தாள். அவித்தால் ஒரு வேளைக்குக் காணாது. விதைத்தால் கொடியெல்லாம் காய்க்கும். பகல் முழுவதும் ஜப்பான்காரனுக்குக் கிழங்கு நட அவள் போயாக வேண்டும். அதனால் லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு பாத்தி கொத்திக் கொடுத்து, பயறை எங்கள் இருவருக்கும் பங்கிட்டாள்.

தம்பி பால் மரத்தடியில் சும்மா கிடந்த, பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவான். ஊற்றிய கையோடு, முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்ப்பான். "தோண்டாதடா ராசா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவன் போட்டதெல்லாம் அழுகியது. என்னுடையது முளைத்தது, நாலு இலை விடுவதற்குள் யாருடைய ஆடோ வந்து மேய்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அத்தை பெரிய கைராசிக்காரி. லயத்தில் யார் பாத்தி போட்டாலும் முதல் விதை அவள் கையால்தான். அவள் தம்பியைச் சீண்டினாள்.

"ஒனக்குக் கைராசி இல்ல மருமவனே. ஒங்கப்பன் வந்து போட்டாத்தான் மொளைக்கும்."

வேடிக்கைக்குச் சொன்னது. அவனுக்கு அதுவே வேதவாக்காகிவிட்டது. மிச்சப் பயறைத் துணியில் முடிந்து அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். அம்மா கெஞ்சினாள், ஒரு நாள் அடித்தும் பார்த்தாள். "அப்பா வரட்டும்" என்பதற்கு மேல் அவனிடம் பேச்சில்லை. இத்தனூண்டு பயறை அவித்து என்ன ஆகப்போகிறது, பிள்ளை ஆசையாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்பா வரவில்லை. வீக்கம் வயிற்றுக்கு ஏறியது. ஒரு மத்தியானம் மூச்சு வாங்கி வாங்கித் தம்பி போய்விட்டான்.

பால் மரங்களுக்கு அப்பால் புதைத்தோம். சின்னப் பிள்ளைக்குச் சடங்கு எதற்கு என்றார்கள். அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்தே ஆகவேண்டும் என்றாள். பசும்பால் கிடைக்காமல் தேங்காய்ப்பால் தெளித்தோம். குழிமேட்டில் நவதானியம் தூவ வேண்டும். லயம் முழுக்கத் தேடியும் ஒரு தானியம்கூட அகப்படவில்லை. குளிப்பாட்டும்போது அறுத்தெடுத்த முடிச்சை அம்மா அவிழ்த்தாள். உள்ளே இருந்ததைத் தூவினாள்.

ஒன்று தப்பாமல் முளைத்தது. அங்கே தோண்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மழையும் பெய்தது. கொடி மேட்டை மூடிக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதற்குள் எனக்கும் கால் வீங்கிவிட்டது.

அம்மா மடியை விரித்துக் காயைப் பறிக்கக் குனிந்தாள். அத்தை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி! குழிமேட்டுப் பயிரு, வாயில வைக்கக் கூடாது."

"எம்மவன் பயறு. அவன் அக்காதானே திங்கப்போறா. வுடு."

அத்தை கையை விட்டாள். அதற்குப் பிறகு அவள் யாருடைய பாத்தியிலும் விதை போட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா பயறை அவித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உப்பில்லை. எங்கே பறித்தது என்று எனக்குத் தெரியும். என் வீக்கத்தை வடித்ததும் அந்தப் பயறுதான். ஆனால் அன்றைக்கு வீக்கத்தையும் நினைக்கவில்லை, தம்பியையும் நினைக்கவில்லை. எனக்குப் பசி.

"நல்லாருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இன்னுங் கொஞ்சம் போடும்மா" என்று தட்டை நீட்டினேன்.