பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னவள்

என் அக்காவுக்குக் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை. காய் உலர்த்தும் ஸ்டோரும் அவள் பொறுப்பு. நான் போடியில் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குச் சோதனை வேலை செய்கிறேன். அதனால் அவளுக்கு வரன் தேடும் செயலியைக் கவனிப்பதும் என் தலையில் விழுந்தது.

அதில் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. சிவப்பு, கோதுமை நிறம், மாநிறம், கருப்பு. சித்தி மாநிறம் என்று போடச் சொன்னார். ஸ்டுடியோக்காரர், யாரும் கேட்காமலே, படத்தில் அக்காவை நன்றாக வெளுக்க வைத்திருந்தார். விருப்பங்கள் வரிசையாக வந்தன. கம்பத்திலிருந்து ஒரு குடும்பம் வீடியோவில் அழைத்தது. மாப்பிள்ளையின் அம்மா திரையை நெருங்கிப் பார்த்தார்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சேம்மா. அங்க லைட்டு கம்மியோ?"

"லைட்டு நல்லாத்தாம்மா இருக்கு. போட்டோதான் தப்பு" என்றாள் அக்கா.

அந்தக் குடும்பம் மறுபடி அழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஸ்டோர் வாசலில், உச்சி வெயிலில் நின்றுகொண்டு "போட்டோ எடுடி" என்றாள்.

"கண்ணு கூசுதுக்கா. நிழலுக்கு வா."

"காய் வாங்க வர்றவரு ட்யூப்லைட்டுலயா பாக்குறாரு? கையில அள்ளிக்கிட்டு வாசலுக்குத்தான வர்றாரு."

"அப்ப நீ என்ன காயா?"

"காய்க்கே அந்த மரியாதை இருக்குல்ல?"

அந்தப் படத்தை ஏற்றினேன். நிறம்: கருப்பு. அதோடு விருப்பங்கள் வருவது வற்றிப்போனது. காரணம் எனக்குத் தெரியும். எதிர்பார்ப்பில் சிவப்பு என்று குறித்தவர்களுக்குச் செயலி இவளைக் காட்டவே காட்டாது. பார்த்துவிட்டு வேண்டாம் என்றால்கூட அது ஒரு பதில். இவள் அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

அக்காவுக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. ராசிங்காபுரத்துக்காரர், கால்நடை மருத்துவர். கட்டிக்கொள்பவள் வேலையை விட வேண்டியதில்லை என்று தன்னைப் பற்றிய பகுதியில் எழுதியிருந்தார். மலையை விட்டு இறங்க மனமில்லாதவளுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அவருடைய எதிர்பார்ப்பிலும் சிவப்பு என்றே இருந்தது. நாங்கள் அனுப்பிய விருப்பம் யாரும் திறக்காத தனிப் பெட்டிக்குத்தான் போயிருக்கும் என்று விளக்கினேன்.

"நம்பர் இருக்குல்ல?" என்றாள். சமையலறையில் அம்மா இருக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொண்ணுதான் பேசுறேன். உங்களுக்கு விருப்பம் அனுப்புனேன், வந்திருக்காது. நான் கருப்பு. நீங்க சிவப்பு கேட்டிருக்கீங்க."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது. பிறகு அவர் குரல்: "அது எங்க அக்கா போட்டதுங்க."

"பொண்ணு உங்க அக்காவுக்கா பாக்குறீங்க?"

"இல்லங்க. எனக்குத்தான்."

"அப்ப நீங்களே மாத்துங்க. என்னையப் பிடிக்காட்டியும் மாத்துங்க. மாத்துனப்புறம் பேசுவோம்."

போனை வைத்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். "ஆத்தா, அமைஞ்சு வர்றதையும் வெரட்டிட்டியே" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா செயலியில் அந்த மருத்துவரின் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கண்டதைக் குறித்து, சரிசெய்ய வேண்டியவருக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அக்காவைப் போல உரியவரையே கூப்பிட்டு, அவரை இழந்தாலும் சரி என்று நான் நேரடியாகச் சொன்னதில்லை. அன்று அவளைப் பார்த்து அசந்துபோனேன்.

மறுநாள் அவர் பக்கத்தில் "நிறம்: எதுவானாலும்" என்றிருந்தது. எங்கள் விருப்பத்தையும் ஏற்றிருந்தார்.

"ஞாயித்துக்கெழம உச்சி வெயில்ல வீடியோவுல கூப்பிடுறேன். வெளிய வந்து நில்லுங்க" என்று அக்கா செய்தி அனுப்பினாள்.

நானும் மேலே போயிருந்தேன். சிக்னல் கிடைக்கும் ஸ்டோர் வாசலில் அவள் நின்றாள். திரையில் அவர் ஒரு தொழுவத்துக்கு வெளியே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். செயலியில் இருந்த படத்தைவிட நல்ல கருப்பு.

அக்கா போனை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். "உங்க போட்டோவும் ஸ்டுடியோல எடுத்ததா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆமாங்க. அதையும் மாத்தணுமா?"

"வெரசா மாத்துங்க" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பி, மறுபடி வெயிலுக்கே காட்டினாள். "மாத்திட்டு வீட்டுக்கு வாங்க. பகல்லயே வாங்க."