நான் மாற்றிச் சொன்ன கேள்வி

அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் படிக்கிற ஆராய்ச்சி மாணவர்கள் நாங்களே நடத்திய மாநாடு அது. அந்த வருஷம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வைத்திருந்தோம். என் ஆராய்ச்சி நடவு மெஷினைப் பற்றியது. மெஷின் வந்து வேலை போன பெண்களில் ஒருவரையே மேடையேற்றலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்காவை அழைத்து வந்தேன். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் தாத்தாவின் நிலத்தில் அவருடைய அம்மா நாற்று நட்டிருக்கிறார். அது இரண்டு பேருக்கும் தெரியும்; பேசிக்கொண்டதில்லை.

"என்ன பாப்பா பேசணும்?" என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"என்கிட்ட சொன்னதையே சொல்லுங்கக்கா, போதும்."

காலையில் பேசியவர்கள் இழுத்துக்கொண்டே போனதில், அவருக்கு ஒதுக்கிய அரைமணி ஐந்து நிமிஷமானது. முன்பெல்லாம் குறுவைக்கு வயல் வயலாக நடவு இருக்கும், இப்போது மெஷின் விட்டுப்போன மூலைகளில் நடத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

டெல்லியிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார்: இயந்திரத்துக்கும் தனக்கென்று ஒரு செயல்படும் சக்தி இருப்பதாக இவர் உணர்கிறாரா? எங்கள் துறையில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். தமிழில் அவரிடம் அதை எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு கேக்குறாருக்கா."

அக்காவின் முகமே மாறிவிட்டது. அந்த மாணவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். வேலை இருந்தப்ப இடுப்பு வலிக்கும். இப்ப வேலை இல்ல, ஆனாலும் வலிக்குது. நடவு நாள் வந்துட்டா தானா ஆரம்பிச்சுடுது சார்."

அரங்கம் என் பக்கம் திரும்பியது. "மெஷின் வயலைவிட்டுப் போன பிறகும் தன் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருப்பதாக உணர்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கைதட்டல் எழுந்தது. பலர் குறித்துக்கொண்டார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே சேர்ந்து தட்டினார்.

அவர் சொல்லாத அந்த வாக்கியம், அவர் சொன்னதாக என் மாநாட்டுக் கட்டுரையிலும் ஆய்வேட்டிலும் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். "இதுலதான்மா உயிரே இருக்கு" என்றார் என் வழிகாட்டி. அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மாநாடு முடிந்து ஒரு மாசம் கழித்து அக்காவிடமிருந்து போன்.

"பாப்பா, எந்திரிக்கவே முடியல. அன்னிக்கு விசாரிச்ச சார் டாக்டருங்களா? மருந்து ஏதும் சொன்னாரா?"

"கேட்டுச் சொல்றேங்க்கா."

யாரைக் கேட்பது? சம்பா நடவு சமயத்தில் மறுபடி கூப்பிட்டார். செல்போன் மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் இரண்டு தடவை அடித்தது. பிறகு நின்றுவிட்டது.

பட்டம் வாங்கிவிட்டேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அந்த மாநாட்டுக் கட்டுரையைத்தான் முதலில் வைக்கிறேன். அதைவிட நல்லதாக எழுதியது எதுவும் என்னிடம் இல்லை.