ஆதுவான் கேட்ட ஒன்றரை மீட்டர்

தெற்குத் தைவானில், எங்கள் ஊர்ப் பாலம் தொடங்கும் இடத்தில், நான் காலைப் பலகாரக் கடை வைத்து முப்பது வருடம் ஆகிறது. முட்டை ரொட்டியும் சோயாப் பாலும் விற்கிறேன். இந்த ஊரை ஆளுகிறவர்கள் எல்லோரும் என் கடையில் வாயில் சாஸ் வழியத் தின்றவர்கள்தான். அதனால் அவர்களில் எவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எனக்கு மரியாதை இருப்பது ஒருத்தி மேல்தான். அவள் பெயர் ஆதுவான்.

ஆதுவானுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஈரல் நோயில் புருஷன் போய்ப் பதினாறு வருடம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சலவைத் தொழிற்சாலை இருக்கிறது. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. ஈர விரிப்பை உதறி மடிப்பது இவள் வேலை. காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பேருந்து ஆறே முக்காலுக்குத்தான் வரும். ஆகவே சைக்கிள்.

"ஸ்கூட்டர் வாங்கித் தொலையேன்" என்று நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். வாங்கலாம், லைசென்ஸ் வேண்டுமே. இங்கே ஸ்கூட்டர் தேர்வில் ஒரு நேர்கோடு உண்டு. குறுகலான கோட்டுக்குள் காலை ஊன்றாமல் ஏழு வினாடி மெதுவாகப் போக வேண்டும். இன்ஜின் சத்தம் கேட்டாலே ஆதுவானுக்குக் கை நடுங்கும். ஆறு தடவை தேர்வுக்குப் போனாள், ஆறு தடவையும் கால் தரையில். அதே கோட்டில் சைக்கிளை விட்டால் ஏழு நிமிடம் ஆடாமல் போவாள். அந்தத் தேர்வில் ஜெயித்த சூரர்கள் தினமும் காலையில் அவள் முழங்கையை உரசிக்கொண்டு பறப்பதை என் கடை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, நானும் ஹாரன் அடித்து அவளை ஓரம் கட்டியவள்தான்.

பாலம் அறுநூறு மீட்டர். நான்கு தடம். ஜல்லி லாரிகளும் சிமென்ட் லாரிகளும் அதில்தான் போகின்றன. சைக்கிளுக்கு என்று ஒரு சாண் இடம் கிடையாது. சலவைக்கும் அதையொட்டிய மீன் பதப்படுத்தும் ஆலைக்குமாக முப்பது நாற்பது பெண்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் எல்லோரும் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆதுவான் மட்டும் ஒரு விடுமுறை நாளில் தையல்காரியிடம் அளவு நாடா வாங்கிக்கொண்டு வந்து பாலத்தை அளந்தாள். அளந்த கையோடு என் கடைக்கு வந்தாள்.

"பாவ்ஜூ, ஒவ்வொரு தடமும் தேவைக்கு மேல அகலமா இருக்குடி. நாலுலயும் நாப்பது நாப்பது சென்டிமீட்டர் குறைச்சா ஒன்றரை மீட்டருக்கு மேல கிடைக்குது. ஒரு தடுப்பு வெச்சாப் போதும். புதுப் பாலம் எதுவும் கட்ட வேணாம்."

"நீ என்ன இன்ஜினீயரா?"

"இன்ஜினீயருங்க அளந்திருந்தா நான் ஏன் அளக்கப் போறேன்?"

இப்படித்தான் தொடங்கியது. மனு எழுதினாள். என் கடையில் தாள் வைத்துக் கையெழுத்து வாங்கினாள். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. மூன்று வருடம், புதன் தோறும் நகர மன்றத்துக்குப் போனாள். கவுன்சிலர் வெங் எங்கள் பகுதிக்காரர். என் கடையில் இரண்டு முட்டை ரொட்டி தின்றுவிட்டு ஒன்றுக்கு மட்டும் பணம் எடுக்கிற மனிதர். அவர் அவள் மனுவை இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வரை குனிந்து, கள ஆய்வுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

கள ஆய்வு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவுன்சிலர் வருவார், துறைக்கு ஒருவர் வருவார், வருகைத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், பாலத்தை நோக்கி விரலை நீட்டி ஒரு போட்டோ எடுப்பார்கள். அன்று வந்த ஏழு பேரும் ஏழு காரில் வந்தார்கள். ஏழு காரையும் பாலத்தின் ஓரத்திலேயே நிறுத்தினார்கள். சலவை ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் அந்தக் கார்களைச் சுற்றி லாரிகளுக்கு நடுவே போனார்கள். அதைக்கூட ஒரு பயலும் பார்க்கவில்லை. தார்ப் பரப்பு ஒரு துறைக்காம், கைப்பிடிச் சுவர் இன்னொரு துறைக்காம், விளக்குக் கம்பம் மூன்றாவது துறைக்காம். செத்தால் பிணம் எந்தத் துறைக்கு என்று நான் கேட்டேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

போக்குவரத்துப் பிரிவின் துணை அதிகாரி ஷீ என்று ஒருவர். சட்டைப் பையில் நான்கு பேனா. அவர்தான் ஆதுவானுக்கு விளக்கம் சொன்னார்.

"அக்கா, சைக்கிளுக்கு நகரம் ஒண்ணும் செய்யலன்னு சொல்லாதீங்க. ஆத்தங்கரையில அழகாப் பாதை போட்டிருக்கோமே, பாக்கலையா?"

"பாத்தேன் சார். அது ஆத்தைத் தாண்டுதா?"

"தாண்டாதுங்க. ஒரு சுத்து சுத்திக் கிளம்பின இடத்துக்கே வந்துடும்."

"அப்ப நான் வேலைக்குப் போக வேணாம், வீட்டுக்குத் திரும்பி வந்தாப் போதும்னு முடிவு பண்ணிட்டீங்க."

ஷீ சிரித்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்த ஆற்றங்கரைப் பாதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சைக்கிளுக்கு என்று வந்த நிதி முழுக்க அங்கேதான் போனது. நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு எஃகில் ஒரு சைக்கிள் சிலை நிற்கிறது. அதன் சக்கரம் சுற்றாது. திறப்பு விழாவில் வெங் உடம்போடு ஒட்டிய பளபளப்பான உடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, போட்டோக்காரர்கள் நின்ற நூறு மீட்டர் மட்டும் மிதித்தார். அந்தப் பக்கம் காத்திருந்த வேனில் சைக்கிளையும் வயிற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்தச் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிற ஒருத்தியாவது அந்தப் பாதையில் போய் நான் பார்த்ததில்லை.

மூன்று வருடத்தில் எட்டு கள ஆய்வு நடந்தது. எட்டு அறிக்கையிலும் கடைசி வரி ஒன்றுதான்: "உடனடி ஆபத்து ஏதும் காணப்படவில்லை. எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படும்." கீழே எல்லோருடைய முத்திரையும் இருக்கும், கவுன்சிலர் அலுவலகத்தின் சிவப்பு முத்திரையும் சேர்த்து. ஆதுவான் எட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள்.

இந்த வருடம் மே மாத மழையில், காலை ஐந்தே முக்காலுக்கு, பாலத்தின் நடுவில் ஒரு ஜல்லி லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தோளில் பட்டது. சுவரில் மோதி விழுந்தாள். வலது முழங்கால் சில்லு மூன்றாக உடைந்தது. லாரி நிற்கவேயில்லை. பின்னால் வந்த மீன் ஆலைப் பெண்கள்தான் சைக்கிள்களைக் குறுக்கே போட்டுப் போக்குவரத்தை மறித்து அவளைத் தூக்கினார்கள். கடையைப் போட்டுவிட்டு நான் ஓடிப் போனேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் என்னிடம் கேட்டது, "சைக்கிள் வளைஞ்சு போச்சா?" என்றுதான். நான் அழுதேன். பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், யாரை என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் அவள் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். பூக்கடை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது.

"கூடாரம் எங்கம்மா போட்டிருக்கீங்க?" என்றான் வண்டிக்காரன்.

"என்ன கூடாரம்?"

"சாவுக் கூடாரம்தான். கவுன்சிலர் வெங் இரங்கல் பதாகை அனுப்பியிருக்காரு. முன்வரிசையில மாட்டச் சொன்னாங்க. வேற கவுன்சிலரோடது ஏற்கெனவே வந்துடுச்சா?"

வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து. "அன்னையின் நற்பண்பு என்றும் ஒளிவீசும்." வலது ஓரத்தில் ஆதுவானின் முழுப்பெயர். இடது ஓரத்தில், அவள் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கவுன்சிலரின் பெயர். எங்கள் பக்கம் எந்தச் சாவு விழுந்தாலும் கவுன்சிலர்களுக்குள் இந்தப் போட்டி உண்டு. முதலில் வருகிற பதாகைக்குத்தான் செத்தவர் படத்துக்குப் பக்கத்தில் இடம். அலுவலகத்தில் இருந்த உதவியாளர் பெண், பாலத்தில் லாரி ஆதுவானை அடித்துவிட்டது என்று காதில் விழுந்ததுமே பூக்கடைக்குப் போன் செய்திருக்கிறாள். ஆள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று விசாரிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பாலத்தில் அடிபட்டால் விசாரிக்க என்ன இருக்கிறது?

கிழித்துப் போடத்தான் கை துடித்தது. ஆனால் சம்பந்தப்பட்டவளைக் கேட்காமல் எப்படி? மடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ஆதுவான் படுத்தபடி இரண்டு தடவை படித்தாள்.

"கிழிச்சிடாத பாவ்ஜூ. மூணு வருஷத்துல அந்த ஆபீஸ்ல இருந்து எனக்கு வந்த மொத நெஜமான கடுதாசி இது."

அவள் சொன்னபடி சலவைப் பெண்களும் நானும் அதைப் பாலத்தின் தொடக்கத்தில், சிக்னலில் வண்டிகள் எல்லாம் நிற்கிற இடத்தில், கைப்பிடியில் கட்டினோம். அதற்கு இருபுறமும் "உடனடி ஆபத்து ஏதும் காணப்படவில்லை" என்ற அறிக்கைகளின் நகல் எட்டும் கண்ணாடித் தாளில் போட்டுக் கட்டப்பட்டன. நவம்பரில் தேர்தல். எதிர் விளக்குக் கம்பத்தில் வெங் ஏற்கெனவே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நகரத் துப்புரவு வண்டி அன்று மதியமே வந்தது. வந்த இரண்டு பேரும் நின்று படித்தார்கள். உயிரோடு இருக்கிறவள் பெயருக்கு வந்த சாவுப் பதாகை என்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டார்கள். "இந்தத் தரித்திரத்தை யார் தொடறது? அவரே வந்து கழட்டிக்கட்டும்" என்று போய்விட்டார்கள். மறுநாள் வேறு இருவர் வந்தார்கள், அவர்களும் தொடவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்று வாரமாகியும் பதாகை அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தினம் ஆயிரம் பேர் அதைப் படித்தார்கள்.

ஆதுவான் ஊன்றுகோலோடு வீடு வந்த அன்று வெங் வந்து சேர்ந்தார். பீடை கழிய வேண்டும் என்று பன்றிக்கால் சேமியா ஒரு பெரிய பாத்திரம், பழக்கூடை, போட்டோக்காரன் ஒருவன். போட்டோக்காரனை நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

"அக்கா, மன்னிக்கணும். உதவியாளர் பொண்ணு பண்ணின முட்டாள்தனம். அன்னிக்கே அவளை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்."

"அவளை ஏன் தூக்கினீங்க? உங்க ஆபீஸ்ல அந்தப் பாலத்தைச் சரியாப் புரிஞ்சு வெச்சிருந்தது அவ ஒருத்திதான்."

"அக்கா, அது கெட்ட சகுனம். உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. எடுத்துடச் சொல்லுங்க."

"ஆபத்தே இல்லன்னு எட்டுத் தடவை முத்திரை குத்தினீங்க. அடிபட்டேன்னு கேட்டதும் செத்திருப்பேன்னு பதாகை அனுப்பினீங்க. ரெண்டுல எது பொய்? அதைத் திருப்பி எடுத்துக்குங்க, நான் பதாகையை எடுத்துடறேன்."

எந்த மேடையிலும் மைக்கை விடாத வெங், சேமியா பாத்திரத்தின் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாதைக்கு நிதி ஒதுக்குங்க சார். தடுப்பு வெச்சு மொத சைக்கிள் போற அன்னிக்கு நானே கழட்டித் தர்றேன்."

மூன்று வருடமாக நகராத கோப்பு பத்தொன்பது நாளில் நகர்ந்தது. தார், சுவர், கம்பம் மூன்று துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. தடத்துக்கு நாற்பது சென்டிமீட்டர் எங்கிருந்தோ கிடைத்தது, நிதியும் கிடைத்தது, வேலையும் தொடங்கியது. ஒருத்தியின் முழங்காலுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது பெண்களின் உயிருக்காகவும் இல்லை. ஓட்டுப் பெட்டிக்குப் பீடை பிடித்துவிடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் எந்தச் சட்டமும் நிற்காது.

இதற்கிடையில் சலவை ஆலையிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். அக்டோபர் முடியும் வரை ஆதுவானின் இடத்தை வைத்திருப்பாராம். அதற்குள் தானாகப் பாலத்தைத் தாண்டி ஆறு மணிக்கு வந்து சேர முடிந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உட்கார்ந்தே மடிக்கலாம், கால் தேவையில்லை. வந்து சேரத்தான் கால் வேண்டும். ஸ்கூட்டரில் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "கடை நேரத்துல எத்தனை நாளைக்கு விடுவ?" என்றாள். முழங்கால் பாதிக்கு மேல் மடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்டோபர் கடைசி வாரத்தில் பாதையைத் திறந்தார்கள். "நிதி பெற்றுத் தந்த கவுன்சிலர் வெங்குக்குப் பகுதி மக்களின் நன்றி" என்று புதுத் துணி கட்டியிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் பகுதி மக்களில் ஒருத்திதான். பிரமுகர்களின் கார்கள் புதுப் பாதையின் மேலேயே நின்றன. நாடா வெட்டினார்கள், கை தட்டினார்கள், அடுத்த விழாவுக்கு ஓடினார்கள். ஆதுவான் சொன்னபடியே பதாகையை அவிழ்த்து வெங்கின் டிரைவர் கையில் கொடுத்தாள். அவன் அதைக் காருக்குள் வைக்கப் பயந்து டிக்கியில் போட்டான்.

பிறகு அவள் ஊன்றுகோலைச் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டு, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பாதைக்குள் நடந்தாள். பத்தடி போயிருப்பாள். ஷீ ஓடி வந்தார்.

"அக்கா, அக்கா! இது சைக்கிள் ஓட்டறவங்களுக்கு மட்டும். இதுல நடக்கக் கூடாது. விதி இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நான்கு பேனாவையும் பிடுங்கி ஆற்றில் வீசியிருப்பேன். ஆதுவான் என் கையைத் தள்ளிவிட்டாள். ஷீயை ஒரு பார்வை பார்த்தாள். சைக்கிளைச் சாய்த்து ஏறி உட்கார்ந்தாள். வலது கால் விறைத்துத் தொங்க, இடது காலால் அரைச் சுற்று மிதிப்பாள், மிதிப்பலகையைப் புறங்காலால் மேலே தூக்குவாள், மறுபடி அரைச் சுற்று மிதிப்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பக்கத்திலேயே நடந்தேன், விதியாவது மண்ணாவது. அறுநூறு மீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஓர் இடத்திலும் காலை ஊன்றவில்லை. அக்கரையில் இறங்கியதும், "அஞ்சேகாலுக்குக் கிளம்பினா ஆறுக்கு முன்னாடி வந்துடலாம்டி" என்றாள்.

ஷீ பின்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறார். அடுத்த மாத நகரச் செய்தி மடலின் முதல் பக்கத்தில் அது வந்தது. "புதிய பாதையில் புன்னகையுடன் முதல் பயனாளி" என்று கீழே போட்டிருந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.