அளவில்லா இணையமும் எதிர் வீட்டுப் பெருமாளும்

வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் முத்திரை ஆய்வாளர். பட்டு நூல் நிறுக்கும் தராசிலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றும் லிட்டர் வரை, காஞ்சிபுரத்தில் எதையெல்லாம் அளந்து விற்க ஒரு கருவி இருந்ததோ, அதன் மேல் அரசாங்க முத்திரையைக் குத்துவது என் பணி. எடைக்கல்லின் அடியில் எங்கே சுரண்டுவார்கள், லிட்டரின் வயிற்றில் எங்கே தட்டி உள்ளே தள்ளுவார்கள் என்பதெல்லாம் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருந்தது, கண் இருக்கவில்லை.

அதனால்தான், இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு நாள், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு செல்போன் கடை வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துச் சைக்கிளிலிருந்து இறங்கினேன். ‘மாதம் முழுவதும் அளவில்லா இன்டர்நெட்’ என்று எழுதியிருந்தது. ஒரு பொருளை விற்றால் எடையோ நீளமோ எண்ணிக்கையோ சொல்லித்தான் விற்க வேண்டும். அளவே கிடையாது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கும் சரக்கை அதுவரை நான் பார்த்ததில்லை. இதற்கு முத்திரை குத்துவதானால் எங்கே குத்துவது?

கடைக்காரர் திருப்புட்குழிக்காரர். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு சிம் கார்டு விற்க வந்தவர்.

“அளவில்லன்னா எவ்வளவுப்பா?” என்றேன்.

“இன்னா சார் கேள்வி இது? அளவில்லன்னா அளவில்லதான். ஊரே வாங்கிக்கினு போவுது, ஒருத்தரும் இப்படிக் கேக்கல. உங்க எதிர் வூட்டு மாமிகூட போன வாரம் வாங்கிக்கினு போனாங்க. போய் அவங்களக் கேளுங்க.”

மாமி வீட்டுக்கு நான் தினமும் காலையில் போகிறவன்தான். அவர்கள் வாங்கும் ஆங்கிலப் பேப்பரை மாமா கோயிலுக்குப் போனதும் கூடத்தில் உட்கார்ந்து படிப்பேன். மாமி கணினியில் செருகும் நெட் கார்டு வாங்கியதற்குக் காரணம் அவருடைய அக்கா. அமெரிக்காவில் மகனோடு இருந்தார். அப்பா காலமானபோது, அவர் தினமும் ஆராதனம் செய்த சாளக்கிராமப் பெருமாள் யாரிடம் போவது என்பதில் சகோதரிகளுக்குள் மனத்தாங்கல் வந்தது. பெருமாள் தங்கையிடம் வந்தார். அக்காவின் பேச்சு நின்றது. பல வருஷம் கழித்து அக்காவே கூப்பிட்டு, “அப்பா சொல்ற மாதிரியே நீ பாசுரம் சொல்றியாம். எனக்குச் சொல்லிக் கொடுடி” என்று கேட்டிருக்கிறார்.

இந்தத் தெருவில் பாசுரம் கற்பிக்கும் முறைக்குச் சந்தை சொல்வது என்று பெயர். சொல்லிக்கொடுப்பவர் ஓர் அடியை ஒரு முறை சொல்ல வேண்டும். கற்பவர் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் அடுத்த அடி. புத்தகம் கூடாது, காதுதான். ஒரு பதிகத்தின் பத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. தடைபட்டால் திரும்பவும் முதல் பாட்டிலிருந்து. என் துறையில்கூட இவ்வளவு கறாரான விதி கிடையாது.

இங்கே காலை, அங்கே முந்தின நாள் மாலை. மாமி கணினியைப் பெருமாள் முன்னால் ஒரு முக்காலியில் வைத்திருந்தார். பாடம் முடிந்த பிறகும் அணைக்கவில்லை. பெருமாளை நீராட்டும் திருமஞ்சனம், சமைத்த தளிகையை அமுது செய்விப்பது என்று உச்சிவேளை வரை கேமரா பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அங்கே தூங்கப் போன பிறகும்.

“யாரும் பார்க்கலையே மாமி?” என்று கேட்டேன்.

“பார்த்தா என்ன, பார்க்காட்டா என்ன? அவளுக்கும் அவர் பெருமாள்தானே. அளவில்லைன்னு சொல்லித்தானே கொடுத்திருக்கான்.”

பல வருஷத்து வழக்கை இப்படித் தீர்த்து வைக்கும் என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்திருக்கலாம்.

முதல் மாதக் கடைசியில் குரல் கொஞ்சம் இழுத்தது. மழை என்றார் மாமி. புது பில் வந்ததும் சரியானது. இரண்டாவது மாதம் பாதியிலேயே சனி பிடித்தது. மாமி ஓர் அடி சொல்வார். மறுபுறம் மௌனம். மறந்துவிட்டாளோ என்று மாமி மறுபடி சொல்வார். அதே நேரத்தில் அக்கா முன்பே திருப்பிச் சொன்ன இரண்டு முறையும் வந்து அதன் மேல் விழும்.

“நான் சொல்றச்சே குறுக்கே சொல்லாதேயேன் அக்கா.”

இது அங்கே போய்ச் சேரும்போது அக்கா மறுபடி வந்த அடியை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம் படம் உறைந்து, எல்லாம் அறுந்து போகும். விதிப்படி முதல் பாட்டிலிருந்து தொடங்குவார்கள். சில நாள் முதல் இரண்டு பாட்டையே ஏழெட்டுத் தடவை கேட்டேன். எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஒரு நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கணினியிலிருந்து அக்காவின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“சரியாத்தானேடி சொன்னேன்? எதுக்கு அதட்டறே? அன்னிக்குப் பெருமாளை எடுத்துண்டே. இப்போ பாசுரமும் உன்னோடதுதானா? வேண்டாம், விட்டுடு.”

மாமி கணினியை மூடினார். அடுப்படிக்குப் போகாமல் பெருமாள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவர் துக்கத்தைவிட அந்த நேர ஒழுங்குதான் முதலில் உறுத்தியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மாதத் தொடக்கத்தில் சுத்தம், போகப் போகக் கேடு, பில் தேதியில் மறுபடி சுத்தம். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சரியாக நிறுக்கும் கடைகளை எனக்குத் தெரியும். இது தானாகக் கெடவில்லை, யாரோ கெடுக்கிறார்கள்.

“மாமி, இது உங்க ரெண்டு பேர் தப்பும் இல்ல. லைன்ல ஏதோ இருக்குது” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “அப்போ அக்கா சரியாத்தான் சொல்லிண்டிருந்தாளா?”

தெரிந்துகொண்டு வருகிறேன் என்று கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சிரித்தார். “அளவில்லதான் சார். எவ்வளவு வேணா யூஸ் பண்ணலாம். ஓரளவுக்கு மேல போச்சுன்னா ஸ்பீடு கொறைப்பாங்க, அவ்ளோதான். கட் ஆவாது, மெதுவா வரும்.”

“அந்த ‘ஓரளவு’ன்றது அளவு இல்லியா?”

“அது நெட்டுக்கு அளவில்ல சார், ஸ்பீடுக்கு அளவு.”

“பேனர்ல போடலியேப்பா?”

“போட்டுத்தான் இருக்குது. ஸ்டார் பாருங்க.”

இருந்தது, கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரம். அதற்குரிய வரி பேனரின் அடி மடிப்பில், கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால் இருந்தது.

“அத்தப் பெருசா போட்டா எவன் சார் வாங்குவான்?” என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல். “மாமிய படத்த ஆஃப் பண்ணச் சொல்லுங்க. படம்தான் தின்னுது. வெறும் பேச்சுன்னா இந்த ஸ்பீடுலயும் ஓடும்.”

கல்லைச் சுரண்டுவதையும் தராசுத் தட்டின் அடியில் எதையாவது ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். சொன்ன சரக்கைக் குறைக்காமல், அது வந்து சேரும் நேரத்தை மட்டும் நீட்டுகிற வித்தை எனக்குப் புதிது. வெறுப்பைவிட வியப்புதான் அதிகம் என்று வழியெல்லாம் தோன்றியது.

மாமியிடம் சொன்னேன். லைன்தான் தாமதித்தது என்றதும் அவர் முகம் தெளிந்தது. படத்தை நிறுத்த வேண்டும் என்றதும் மறுபடி வாடியது.

“பெருமாளைக் காட்ட மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது? மறுபடியும் எடுத்துண்டுட்டேன்னுதானே நினைப்பா?”

“நான் சொல்லட்டுமா? அரசாங்க ஆள் சொன்னா நம்புவாங்க.”

“நீங்க சும்மா இருங்கோ சார்” என்று சொல்லிவிட்டு, சாதாரண போனில் அக்காவைக் கூப்பிட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தார். “நீ சரியாத்தான் சொல்லியிருக்கே. எனக்குத்தான் லேட்டா வந்திருக்கு” என்று முடித்தார்.

மறுபுறம் வெகுநேரம் சத்தமில்லை. இந்தத் தடவை அது லைன் கோளாறு இல்லை. அக்கா பேசியது எனக்கே கேட்டது.

“அப்பா சந்தை சொல்றச்சே நம்ம ரெண்டு பேரையும் கண்ணை மூடிக்கத்தானேடி சொல்லுவார். படம் எதுக்கு? முதல் பாட்டிலேருந்து சொல்லு.”

அன்று பத்துப் பாட்டும் நடுவில் அறுந்துபோகாமல் முடிந்தது.

புது பில் வந்த காலையில் மாமி கேமராவைத் திறந்தார். திருமஞ்சனம் முடிந்து அலங்காரமானதும் அக்காவுக்குப் பெருமாளைக் காட்டினார். தளிகை வந்ததும், கோயிலில் திரை போடுவது போல, முந்தானையால் கேமராவை மூடிவிட்டுப் படத்தை அணைத்தார். பாசுரம் குரலில் தொடர்ந்தது. அதன் பிறகு தினமும் அவ்வளவுதான் பெருமாள் சேவை. மாதக் கடைசி வரை நெட் இழுக்கவே இல்லை.

கோயிலில் நடை சாத்தும் நேரத்தை வாசலிலேயே, எல்லோருக்கும் தெரிகிற எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அளவில்லாமல் சேவிக்கலாம் என்று அவர்கள் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டே இதை மாமியிடம் சொன்னேன்.

“சத்தம் போடாதேங்கோ சார்” என்றார். “அக்கா ரெண்டாவது தடவை சொல்லிண்டிருக்கா.”