நான் சிரித்த சிரிப்பு

நாடகத்துக்கு இடம் பார்த்து டிக்கெட் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை எனக்கு. எந்த அறை ஜன்னலில் ஏரி தெரியும், எந்த அறையில் ஜெனரேட்டர் சத்தம் தூங்க விடாது என்று கணக்குப் போட்டு ஆளுக்கேற்ற அறை ஒதுக்கிப் பழகிய புத்தி. அதே புத்தியை சேலத்து நாடக ஹாலிலும் காட்டுவேன். முதல் இரண்டு வரிசை கூடவே கூடாது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். மின்விசிறிக்கு நேர் கீழே கூடாது. சிரிப்பு வசனத்தின் கடைசி வார்த்தையை விசிறி தின்றுவிடும், சிரிப்பே அந்தக் கடைசி வார்த்தையில்தானே இருக்கிறது! ஐந்தாவது வரிசை, நட்டநடு. அதுதான் இடம்.

என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். இரண்டாவது வரிசை, இடது பக்கச் சுவரோரம், கடைசி நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் மேடையில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைத் திரைச்சீலை மறைத்துக்கொள்ளும். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து, வலது பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைப்பார். மாறி உட்காரலாமென்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா? காசு குடுத்து வந்து கோணக் கழுத்தோட போகணுமா?" என்று ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பேன்.

"எனக்கு இங்கதான் நல்லாத் தெரியுது புள்ள" என்பார். அவ்வளவுதான் பதில்.

அவர் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கிலிருந்து மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி வேறொருவருடையது. நாள் முழுக்க வளைவும் பனியுமாக ஓட்டுகிற மனுஷனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. சென்னையிலிருந்து எவராவது சிரிப்பு நாடகம் போட வருகிறார்களென்றால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு பேரும் பஸ்ஸில் மலை இறங்குவோம். மதிய ஆட்டம் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம்.

ஆறேழு வருஷமாக இப்படித்தான். அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்துகொண்டு, மேடையைப் பார்க்கிற சாக்கில் அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்பது எனக்கு வெகு சீக்கிரமே தெரிந்துபோனது. மேடை வெளிச்சம் என் முகத்தில் விழும். நான் சிரிக்க வாயைத் திறப்பேன், அடுத்த நொடி பக்கத்திலிருந்து அவருடைய சிரிப்பு வெடித்துக்கொண்டு வரும். என்ன சிரிப்பு அது! நாற்காலி அதிரும். ஓட்டலில் என்னோடு வேலை செய்கிற பெண் ஒருமுறை எங்களோடு வந்துவிட்டு, "ஏனக்கா, உங்க ஊட்டுக்காரரு நாடகத்தப் பாக்கறாரா, உங்களப் பாக்கறாரா?" என்று கேலி செய்தாள். ஐம்பது வயதில் எனக்கு வெட்கம் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்த எடத்துல அவன் என்ன சொன்னான்? சொல்லு புள்ள, உன்ர வாயால கேட்டாத்தான் எனக்கு ருசி" என்பார். நான் அந்தந்த நடிகர் மாதிரியே கையை ஆட்டி, உதட்டைக் கோணிச் சொல்லிக்காட்டுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் மொத்த நாடகத்தையும் நான் ஒருமுறை போட்டு முடித்திருப்பேன். கண்ணெடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு வருவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மஞ்சக்குட்டை விவசாயி ஒருவர், ஓட்டலுக்கு எப்போதும் ஆரஞ்சு கொண்டுவருகிறவர், கூடையைச் சமையல்கட்டில் இறக்கிவிட்டு என் மேசைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏனுங்க, சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நொம்பப் பனிங்க. முன்னால போற மாடுகூடத் தெரியல. எதுக்கால எஸ்டேட் லாரிக்காரன் ஆரன் அடிக்கறான், அடிக்கறான், உங்க ஊட்டுக்காரரு அவருபாட்டுக்கு வண்டிய உட்டுக்கிட்டே போறாருங்க. நாங்க அத்தன பேரும் கத்துனோம். பின்னாலிருந்து ஒருத்தன் தோளப் புடிச்சு இழுத்தப்பறந்தான் பிரேக்க மெதிச்சாரு. உள்ள பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க ஆறு பேருங்க. அவருக்குக் காது கேக்குதுங்களா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. மலையில் பனி மூடினால் கண் இருந்தும் பிரயோஜனம் இல்லை. வளைவில் எதிரே வருகிறவன் அடிக்கிற ஆரன் ஒன்றுதான் வழி சொல்லும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எனக்கா? நல்லாக் கேக்குதே. அந்தாளு பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார். எனக்குத் தொண்டை பெரியது. எதையும் உரக்கத்தான் பேசுவேன், அதுவும் மூஞ்சிக்கு நேரே. வீட்டில் இத்தனை நாள் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். காது டாக்டரிடம் போகலாம் என்று மூன்று நாள் மன்றாடினேன். நான்காம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. மறுநாள் காலையில் அந்த ஆறு பிள்ளைகளும் புத்தகப் பையோடு ஜீப்பில் ஏறுவதை ஒண்டிக்கடையில் நின்று பார்த்தேன்.

அந்த வாரம்தான் நாடகம். ஹால்காரர்கள் இருக்கை வரைபடத்தை போனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது வரிசை நடுவில் இரண்டு இடம் காலியாகவே இருந்தது. நான் வாய் பேசாமல் இரண்டாவது வரிசைச் சுவரோரத்தைக் கேட்டு வாங்கினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "என்ன, சண்டையே இல்ல இந்தவாட்டி?" என்றார். அந்த இடம் இந்த முறை எனக்குத்தான் தேவைப்பட்டது.

சிரிப்பு நாடகம் என்று பெயர் வைத்தாலும், முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அழுகைக் காட்சி கட்டாயம் வைப்பார்கள். அதற்காகவே காத்திருந்தேன். அதுவரை ஒன்றரை மணி நேரம் வழக்கம்போலச் சிரித்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் வேறு வீட்டில் நுழைந்துவிடுகிற கதை. நான் சிரித்தேன், அவர் சிரித்தார். நான் வேண்டுமென்றே உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்ட இடத்தில் அவரும் சும்மா இருந்தார், ஹாலே விழுந்து விழுந்து சிரித்தபோதும். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லையே, பாவி!

அந்தக் காட்சி வந்தது. வயதான அப்பா வேடக்காரர் ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்க வேண்டாம்னு முதியோர் இல்லத்துல எடம் பாத்துட்டேன்" என்று மகனிடம் சொல்கிறார். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். நான் மேடையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தேன். பல் தெரியச் சிரித்தேன். தோளைக் குலுக்கினேன். சத்தம் மட்டும் வரவில்லை, வர விடவில்லை.

பக்கத்தில் அவர் வெடித்துச் சிரித்தார்.

அந்த அமைதியில் அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை எனக்கு. நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "யோவ், மனுசனாய்யா நீ?" என்று ஒருவர் கத்தினார். மேடையில் அந்தப் பெரியவர் வசனத்தை நிறுத்திவிட்டு எங்கள் மூலையைப் பார்த்தார். கைதேர்ந்த நடிகர் அல்லவா, உடனே சமாளித்தார். "பாருடா, நான் போறேன்னு சொன்னதும் ஒருத்தருக்கு எவ்வளவு சந்தோஷம்!" என்றார். ஹால் மொத்தமும் கைதட்டிச் சிரித்தது.

அப்போது என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் முகத்தில்தான் சிரிப்பு இல்லையே. அத்தனை பேரும் தன்னைப் பார்த்து வாயைத் திறப்பதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நெரிசலில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளை பார்க்குமே, அப்படி ஒரு பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் அவர் என்னைக் கதை சொல்லச் சொல்லவில்லை. அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறிய பிறகு கேட்டார்.

"அந்த எடத்துல நீ சிரிச்சயில்ல?"

சொல்லியிருக்க வேண்டும். ஆமாங்க, உங்க காதைச் சோதிக்கத்தான் சிரிச்சேன், என்னை நாலு அறை அறையுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"நானா? இல்லீங்களே. அது அழுவாச்சிக் கட்டமுங்க. நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காது போயி ஆறேழு வருசமாச்சு புள்ள" என்றார் மெதுவாக. "உங்கிட்ட மறச்சுட்டேன். காது இல்லாட்டிப் போவுது, கண்ணு இருக்குதுன்னு தெகிரியமா இருந்தேன். உன்ர மூஞ்சியப் பாத்தே எல்லாம் சமாளிச்சேன். இன்னிக்கு நீ சிரிச்சது என்ர கண்ணுல அவ்வளவு நல்லாத் தெரிஞ்சுது. இல்லாதது தெரியுது எனக்கு."

மறுநாள் காலை ஜீப் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வந்தார். "இல்லாத லாரி தெரிஞ்சாப் பரவால்ல, நின்னுட்டுப் போலாம். இருக்கற லாரி தெரியாமப் போச்சுன்னா? உள்ள புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆறு பிள்ளைகளும் வேறு ஜீப்பில் பத்திரமாகப் போய் வந்தார்கள். நான்தான் உருப்படியாக இல்லை. பால் காய்ச்சும்போது, ஓட்டலில் யாருக்காவது சாவி எடுத்துக் கொடுக்கும்போது, எங்கும் சத்தம் அடங்குகிற நேரமாகப் பார்த்து அந்த ஒற்றைச் சிரிப்பு காதுக்குள் வெடிக்கும். எத்தனையோ முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அவர் கடைத்தெருவில் இருப்பார். சிரித்தே வாரக்கணக்காகியிருக்கும்.

கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று அவரே கிளம்பினார். "கண்ணு செரியா இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டா வண்டிய எடுத்துருவேன் புள்ள. இத்தன வருசமா கண்ணுலதான ஓட்டுனேன்" என்றார். காது மிஷின் பற்றிப் பேச்செடுத்தேன். அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒண்டிக்கடையில் நிற்பதற்குச் சாகலாம் என்றார். பனியில் அந்தக் கண்ணால் என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் அவரிடம் யார் பேசுவது?

சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு என் காதருகில் குனிந்து, "நாம்பாட்டுக்குப் படிச்சுட்டேன். அதெல்லாம் அங்க எழுதியிருந்துச்சா புள்ள?" என்று கேட்டார். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டர் தாளில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், என்னிடம்தான் பேசினார்.

"கண் ரெண்டும் சுத்தமா இருக்கு. இந்த வயசுல இவ்வளவு நல்ல பார்வை அபூர்வம். கண்ணாடிகூட வேண்டாம்."

அவர் என் கையைத் தொட்டார். "என்னங்கறாரு?"

டாக்டரின் குனிந்த தலையில் அவருக்கு எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நாளைக் காலையில் சாவி அவர் கையில் இருக்கும், அந்தப் பிள்ளைகள் பின்னால் இருப்பார்கள். அன்று நான் சிரித்ததும் நிஜம் என்று அவருக்கு விளங்கிவிடும். எதற்கு அதிகமாகப் பயந்தேன்? பிள்ளைகளுக்காகத்தான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே நடையில் கூட்டிவந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"நீங்க சொன்னது செரிதானுங்க. சில சமயம் இல்லாதது இருக்கறாப்பல தெரியுமாமுங்க. வண்டி ஓட்டக் கூடாதாமுங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தன் துண்டால் என் கண்ணைத் துடைத்தார்.

"அட, இதுக்குப் போயி அழுவறயா? நீ பக்கத்துல இருக்கற, எனக்கென்ன? எது நெசம், எது இல்லைன்னு நீ சொல்லிட்டாப் போதும்."

ஆஸ்பத்திரி வாசலில் நாலு படி. பட்டப்பகல் வெயில். மலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த அந்த மனுஷன், கண் இரண்டையும் அகல விரித்துக்கொண்டு, முதல் படி அங்கே இருக்கிறதா என்று காலால் துழாவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இருக்குதுங்க, எறங்குங்க என்றேன். இறங்கினார்.